த்ரீ-பெட் பாட்டில் சி-பெட்: ரம்மியிலிருந்து ஹோல்டெமுக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஹோல்டெம் போக்கர் பழக வருகிறவர்களில் பலர் ரம்மியில் கை தேர்ந்தவர்கள். ரம்மியில் கண் எந்நேரமும் சொந்தச் சீட்டின் மேலேயே இருக்கும். அந்தப் பழக்கத்தோடு நோ-லிமிட் ஹோல்டெம் மேஜையில் உட்கார்ந்தால் சிறிய பாட்டுகளில் (பாட் என்பது மேஜை நடுவில் சேரும் பந்தயப் பணம்) தப்பித்துக்கொள்ளலாம். த்ரீ-பெட் பாட்டில் முடியாது. அங்கே பிளாப் (மேஜை நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்ததும் ‘நமக்கு அடித்ததா, இல்லையா’ என்று மட்டும் பார்த்துப் பந்தயம் வைப்பவரின் சிப்புகள்தான் மாலைக்குள் எதிரே போய்ச் சேருகின்றன.

ஒருவர் ரெய்ஸ் செய்கிறார், இன்னொருவர் அதன் மேல் மறுபடி ரெய்ஸ் செய்கிறார், முதலாமவர் கால் செய்கிறார். இதுதான் த்ரீ-பெட் பாட். மறுபடி ரெய்ஸ் செய்தவர் பிளாப்பிலும் தொடர்ந்து வைக்கும் பந்தயம் சி-பெட். அதை எப்போது வைப்பது, எவ்வளவு வைப்பது, எப்போது செக் செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணக்கு எல்லாம் பெரிய பிளைண்டை (சீட்டு போடும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 1 என்று வைத்து. சிறிய பிளைண்டு அதில் பாதி. இரண்டு பேரிடமும் 100 பிளைண்டு இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாப், டர்ன், ரிவர், செக், கால், ரெய்ஸ் ஆகிய சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.

1. எங்கே ஆடுவது, கையில் என்ன இருக்க வேண்டும்

இதை முதலில் முடித்துவிடுவோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடு அதில் கிடையாது. ஆகவே ‘இந்த ஆப்பில் மட்டும் ஆடலாம்’ என்று வாட்ஸப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். வெளிநாட்டுத் தளத்தில் போட்ட பணம் திரும்பி வராவிட்டால் புகார் கொடுக்கப் போக்கிடம் இருக்காது. ஊரில் தோட்டத்து வீட்டிலோ, மன்றத்திலோ பணம் வைத்து ஆடினால் மாநிலச் சூதாட்டச் சட்டங்கள் குறுக்கே வரும். ஊரில் புள்ளிக்கு மட்டும் ஆடுங்கள். பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

பணத்துக்கு ஆடியே தீர வேண்டும் என்றால் உரிமம் பெற்ற இடம் கோவா. கோவையிலிருந்து பாலக்காடு, மங்களூர் வழியாக மட்காவ் போக வாராந்திர ரயில் உண்டு. மட்காவிலிருந்து பணஜி சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குள். கேசினோவுக்குள் நுழைய 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்றை அசலாக எடுத்துப் போங்கள். பான் அட்டையும் இருக்கட்டும்.

உட்காருவதற்கு முன் பொறுப்பாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். ரேக் (பாட்டிலிருந்து மேஜை நடத்துபவர் எடுக்கும் பங்கு) எத்தனை சதவீதம், அதன் உச்சவரம்பு எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவுக்குச் சிப் வாங்க வேண்டும், ஜிஎஸ்டியை எந்தக் கட்டத்தில் பிடிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோ சேவைக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதனால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஜெயித்த தொகைக்கு வருமான வரி 30 சதவீதம், அதோடு செஸ். தோற்றதை அதில் கழிக்க முடியாது. இந்தச் செலவுகளைக் கூட்டிப் பார்த்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் மட்டும் போங்கள். வட்டிக்கு வாங்கிய பணத்தோடும், பாவு நூலுக்கோ மஞ்சள் விதைக்கோ ஒதுக்கிய பணத்தோடும் அந்த மேஜையில் உட்காரவே உட்காராதீர்கள். கை நடுங்கினால் இனி வரும் கணக்கு எதுவும் தலையில் நிற்காது.

2. பிளாப் விழும் முன் பாட்டை எண்ணுங்கள்

பட்டனில் (பிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இருக்கை) இருப்பவர் 2.5 ரெய்ஸ், பெரிய பிளைண்டு வைத்தவர் கால் என்றால் பாட் 5.5, பின்னால் (அதாவது ஒவ்வொருவரிடமும் மிச்சம்) இருப்பது 97.5. பாட்டைப் போல ஏறக்குறைய 18 மடங்கு பணம் இன்னும் உள்ளே வரலாம். அதே பட்டன் 2.5 வைத்து, பெரிய பிளைண்டு 11-க்கு த்ரீ-பெட் செய்து, பட்டன் கால் செய்தால் பாட் 22.5, பின்னால் 89. இப்போது 4 மடங்குதான். இந்த மடங்கு எண்ணைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். 18 மடங்கில் ஒரு ஜோடியோடு மொத்தச் சிப்பையும் தள்ளுவது ஆபத்து. 4 மடங்கில் நல்ல கிக்கரோடு (துணைச் சீட்டோடு) கூடிய டாப் பேர், அதாவது பிளாப்பின் உயர்ந்த சீட்டோடு சேர்ந்த ஜோடி, பெரும்பாலும் கடைசிவரை போகும் கை.

பட்டனே த்ரீ-பெட் செய்தவர் என்றால் எண் மாறும். கட்ஆஃப் (பட்டனுக்கு முந்தைய இருக்கை) 2.5, பட்டன் 8, கட்ஆஃப் கால்: பாட் 17.5, பின்னால் 92, ஐந்து மடங்கு சொச்சம்.

நேரடி மேஜைகளில் முதல் ரெய்ஸே 5 பிளைண்டு இருப்பது சகஜம். ஒருவர் 5, இன்னொருவர் கால், பட்டன் 25-க்கு த்ரீ-பெட், முதலாமவர் மட்டும் கால் என்றால் பாட் 56.5, பின்னால் 75. மடங்கு 1.3. இங்கே சி-பெட் நுணுக்கத்துக்கு இடமே இல்லை. ஒரு பந்தயம், அடுத்து ஆல்-இன், அவ்வளவுதான். கணினியில் 4 மடங்குக்குப் படித்ததை இந்தப் பாட்டில் அப்படியே கொண்டுவந்து வைப்பது புதியவர்கள் அடிக்கடி விழும் குழி.

4 மடங்குப் பாட்டில் மூன்று தெருவிலும் (பந்தயச் சுற்றிலும்) வைத்துச் சரியாக ரிவரில் ஆல்-இன் ஆக ஒரு வசதியான வரிசை இருக்கிறது: பிளாப்பில் 7.5, டர்னில் 25, ரிவரில் 56.5. கூட்டினால் 89. பிளாப்பில் பாட்டின் மூன்றில் ஒரு பங்கு, டர்னிலும் ரிவரிலும் மூன்றில் இரண்டு பங்கு. ‘பிளாப்பில் சின்னதாக வைத்தால் பணம் முழுக்க உள்ளே போகாதே’ என்று பயப்படுபவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், பயம் போய்விடும்.

3. இரண்டு ரேஞ்சையும் தாளில் எழுதுங்கள்

ரேஞ்ச் என்றால் ஒருவரிடம் இருக்கக்கூடிய எல்லா இரண்டு-சீட்டுக் கைகளின் பட்டியல். இந்தக் கட்டம்தான் உயிர்நாடி. ஒரு மாலை முழுக்க இதற்கே கொடுத்தாலும் வீணில்லை.

எண்ணும் முறை: ஒரு ஜோடி (உதாரணமாக குயின்-குயின்) 6 விதமாக வரும். ஒரே இனத்தில் வரும் இரண்டு சீட்டு, அதாவது சூட்டட், 4 விதம். வேறு இனத்தில், அதாவது ஆஃப்சூட், 12 விதம். பிளாப்பில் ஒரு கிங் விழுந்தால் கிங்-கிங் 6-லிருந்து 3 ஆகும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகும்.

பெரிய பிளைண்டிலிருந்து த்ரீ-பெட் செய்பவருக்கு ஒரு எளிய ரேஞ்ச் வைத்துக்கொள்வோம். 10-10 முதல் ஏஸ்-ஏஸ் வரை 30, ஏஸ்-கிங் 16, ஏஸ்-குயின் 16, சூட்டட் ஏஸ்-ஜாக் 4, சூட்டட் கிங்-குயின் 4, சூட்டட் ஏஸ்-5, ஏஸ்-4 சேர்ந்து 8, சூட்டட் 7-6 4. மொத்தம் 82.

கால் செய்யும் பட்டனுக்கு: 6-6 முதல் ஜாக்-ஜாக் வரை 36, சூட்டட் ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10 சேர்ந்து 12, சூட்டட் கிங்-குயின், கிங்-ஜாக் 8, சூட்டட் குயின்-ஜாக், ஜாக்-10, 10-9, 9-8, 8-7 சேர்ந்து 20, ஆஃப்சூட் ஏஸ்-குயின் 12. மொத்தம் 88. ஏஸ்-ஏஸ், கிங்-கிங், குயின்-குயின், ஏஸ்-கிங் ஆகியவற்றை அவர் கால் செய்யாமல் அதன் மேல் மறுபடி ரெய்ஸ் செய்திருப்பார். அதனால் அவை இங்கே இல்லை. இந்த இல்லாமைதான் சி-பெட்டின் அடித்தளம்.

இப்போது பிளாப்: இஸ்பேட் கிங், டைமன் 7, கிளாவர் 2. விழுந்த சீட்டுகளைக் கழித்தால் த்ரீ-பெட் செய்தவரிடம் 73 விதம் மிச்சம். அதில் டாப் பேர் அல்லது அதற்கு மேல்: ஏஸ்-ஏஸ் 6, கிங்-கிங் 3, ஏஸ்-கிங் 12, கிங்-குயின் 3, ஆக 24. மூன்றில் ஒன்று. கால் செய்தவரிடம் 82 விதம். அதில் 7-7 3, கிங் உள்ளவை 6, ஆக 9. பத்தில் ஒன்றுதான்.

இதற்கு 7.5 பந்தயம் வைத்தால் என்ன ஆகும்? ஜோடி ஏதாவது இருக்கும் எல்லாவற்றையும் அவர் வைத்துக்கொள்வதாகவே எண்ணுவோம். கிங் 6, 7-7 3, மற்ற ஜோடிகள் 30, 8-7 3. கூட்டினால் 42. மிச்சம் 40 விதத்தை எறிவார். 82-இல் 40 என்றால் ஏறக்குறைய பாதி. மூன்றில் ஒரு பங்கு பந்தயம் வெறும் பொய்யாக இருந்தாலும் நஷ்டமில்லாமல் நிற்க, எதிராளி 25 சதவீதம் எறிந்தால் போதும். அவர் எறிவது அதில் இரண்டு மடங்கு. ‘ஏனுங்க, இத்துனூண்டு பந்தயத்துக்கு யாருங்க சீட்ட எறிவாங்க?’ என்று கேட்பவர்களுக்கு இந்த 40-ஐ எண்ணிக் காட்டுங்கள்.

அடுத்த பிளாப்: ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 7. அதே ரேஞ்சுகள். த்ரீ-பெட் செய்தவரிடம் 81 விதம், அதில் இரண்டு ஜோடி, செட் (கைஜோடியோடு பிளாப்பில் அதே எண் இன்னொன்று), ஸ்ட்ரெய்ட் (ஐந்து தொடர் சீட்டு) எதுவும் இல்லை. பூஜ்யம். கால் செய்தவரிடம் 75 விதம், அதில் செட் 9, ஜாக்-10 ஸ்ட்ரெய்ட் 4, 9-8 3, 8-7 2, மொத்தம் 18. நாலில் ஒன்று. நம்மிடம் 10-10 முதல் ஏஸ்-ஏஸ் வரை 30 ஓவர்பேர் (பிளாப்பின் எல்லாச் சீட்டையும்விடப் பெரிய கைஜோடி) இருப்பது உண்மைதான். ஆனால் பாட் பெரிதாகும்போது ஜெயிக்கும் கை எல்லாம் எதிரே இருக்கிறது.

அங்கே 7.5 வைத்தால் யார் எறிவார்? ஏஸ்-ஜாக், குயின்-ஜாக், கிங்-ஜாக் எல்லாவற்றுக்கும் ஒரு 10 வந்தால் ஸ்ட்ரெய்ட். ஏஸ்-10, 6-6 இரண்டுக்கும் இரு முனையிலும் ஸ்ட்ரெய்ட். எறிய வேண்டியவை ஆட்டின் அல்லாத ஏஸ்-குயினும் கிங்-குயினும்தான், 18 விதம். 75-இல் 24 சதவீதம். அதே 7.5, அதே ஆள், அதே ரேஞ்ச். கிங் பிளாப்பில் பாதி எறிகிறார், இங்கே கால்வாசி கூட இல்லை. உங்கள் கையில் ஏஸ்-கிங் இருக்கிறதா, குயின்-குயின் இருக்கிறதா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சொந்தக் கையில் உள்ள இரண்டு சீட்டைக் கழித்தால் எண்கள் சற்று நகரும். பழகும் காலத்தில் அதை விட்டுவிடலாம்.

4. பிளாப்பை வகை பிரியுங்கள்

மொத்தம் 22,100 பிளாப்புகள் உண்டு. இனம் மாற்றி ஒன்றாக்கினால் 1,755. யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

ஏஸ் அல்லது கிங் விழுந்து மற்ற இரண்டும் தொடர்பில்லாமல் இருந்தால் (ஏஸ்-8-3, கிங்-7-2 போல) சின்னதாக, மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய எல்லாக் கையோடும் வையுங்கள். ஏஸ் அல்லது கிங் ஒன்றாவது வரும் பிளாப் 100-க்கு 40 என்பதால் இந்த ஒரு விதியே கணிசமான பகுதியைப் பார்த்துக்கொள்ளும். குயின்-குயின்-4, கிங்-கிங்-6 போன்ற ஜோடி பிளாப்பும் இதே வகை, பந்தயம் கால் பங்காகக் கூட இருக்கலாம்.

9-8-7, 8-7-6, ஜாக்-10-8 போல நடுவில் ஒட்டிக்கொண்டு வரும் பிளாப்பில் பெரிய பிளைண்டிலிருந்து செக் செய்வதே முதல் எண்ணமாக இருக்க வேண்டும். பழகும் காலத்தில் முழு ரேஞ்சையும் செக் செய்தாலும் பெரிய தவறில்லை. வைப்பதென்றால் பெரிதாக, மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ, தேர்ந்தெடுத்த கைகளோடு மட்டும்: ஜாக்-ஜாக் போல ஸ்ட்ரெய்ட் வாய்ப்பும் சேர்ந்த ஓவர்பேர், ஆட்டின் ஏஸ்-கிங் போல ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) வாய்ப்புள்ள கை. இந்தப் பிளாப்பில் ஆட்டின் இல்லாத ஏஸ்-கிங்கைப் பந்தயத்துக்குள் இழுக்காதீர்கள். அடுத்த சீட்டில் ஜோடி சேர 47-இல் 6 சீட்டுதான், 13 சதவீதத்துக்கும் குறைவு. சேர்ந்தாலும் ஸ்ட்ரெய்ட்டிடம் தோற்கும்.

6-4-2, 5-3-2 போன்ற தாழ்ந்த பிளாப் குழப்பும். நம்மிடம் பெரிய ஓவர்பேர் அதிகம், எதிரே 7-7, 8-8, 9-9 இருக்கும், அவை எல்லாம் கால் செய்யும். அதனால் சின்னப் பந்தயத்தைவிட அரைப் பாட்டிலிருந்து முக்கால் பாட் வரை வைத்து ஓவர்பேருக்குச் சம்பாதிப்பது மேல். இங்கே ஒன்றும் சேராத ஏஸ்-குயினைச் செக் செய்ய வெட்கப்பட வேண்டாம்.

மூன்று சீட்டும் ஒரே இனம் என்றால் சின்னதாக, ஆனால் அடிக்கடி அல்ல. அந்த இனத்து ஏஸ் அல்லது கிங் கையில் இருப்பவை முன்னுரிமை.

5. யார் பின்னால் பேசுகிறார்

மேலே சொன்னது பெரும்பாலும் பெரிய பிளைண்டுக்கு, அதாவது முதலில் பேச வேண்டியவருக்கு. நீங்கள் பட்டனில் த்ரீ-பெட் செய்து, கட்ஆஃப் கால் செய்து, அவர் செக் செய்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. பாட் 17.5-க்கு 6 வைப்பது நல்ல ஏஸ், கிங், குயின் பிளாப்புகளில் ஏறக்குறைய எப்போதும் சரி. ஒட்டிய பிளாப்பில் செக் செய்து டர்னை இலவசமாகப் பார்க்கலாம். அந்த வசதி முதலில் பேசுபவருக்குக் கிடையாது.

முதலில் பேசும்போது இன்னொரு வேலை உண்டு. செக் செய்யும் கைகளுக்குள் சில பலமான கைகளையும் வைக்க வேண்டும். 9-8-7-இல் ஏஸ்-ஏஸையும் கிங்-கிங்கையும் எப்போதும் பந்தயமாக வைத்து, ஏஸ்-குயினை மட்டும் செக் செய்தால், கவனமான எதிராளி உங்கள் ஒவ்வொரு செக்குக்கும் பந்தயம் வைத்துத் துரத்துவார்.

மூன்று பேர் பிளாப்புக்கு வந்துவிட்டால் ‘எல்லாக் கையோடும் சின்னதாக’ என்ற விதியை மறந்துவிடுங்கள். இரண்டு பேரும் எறிய வேண்டும். அங்கே டாப் பேர் நல்ல கிக்கர், ஓவர்பேர், பலமான டிரா (ஸ்ட்ரெய்ட்டோ ஃபிளஷோ சேரக் காத்திருக்கும் கை), இவ்வளவோடுதான் வைக்க வேண்டும்.

6. டர்னும் ரிவரும்

சி-பெட்டைப் பற்றிப் படித்தவர்கள் பலர் பிளாப்போடு நிறுத்திவிடுகிறார்கள். பிளாப்பில் அடிக்கடி வைத்து டர்னில் நல்ல கை இருந்தால் மட்டும் தொடர்பவரை, ஒரு தெரு கால் செய்து காத்திருந்தே தோற்கடிக்கலாம்.

கிங்-7-2-க்குத் திரும்புவோம். கால் செய்த 42 விதங்களில் 30 நடுத்தர ஜோடிகள். டர்னில் 25 வைத்தால், பாட் 37.5, அது நிற்க 40 சதவீதம் எறிய வேண்டும். 9-9, 8-8, 6-6, 8-7 ஆகியவற்றை மட்டும் அவர் எறிந்தாலே 21, சரிபாதி. ஏஸோ குயினோ விழும் டர்ன் நமக்குச் சாதகம். அதில் இன்னும் அதிகம் எறிவார்கள். 2, 3, 4 போன்ற வெற்றுச் சீட்டுகளிலும் ஏஸ்-கிங், ஏஸ்-ஏஸ், கிங்-குயின் தொடர்ந்து வைக்கலாம். கூடவே பொய்க்கு ஏஸ்-5, ஏஸ்-4 போல ஏதாவது ஒரு டிரா சேர்ந்தவை. குயின்-குயின், ஜாக்-ஜாக், 10-10 மூன்றும் டர்னில் செக் செய்து, கடைசியில் சீட்டைக் காட்டும் வரை போக வேண்டிய கைகள். அவற்றைப் பெரிய பந்தயமாக்கினால் நம்மைவிடத் தாழ்ந்தது எறியும், மேலானது கால் செய்யும்.

ஆனால் எதிரே இருப்பவர் ஜோடியை எறியவே மாட்டார் என்று தெரிந்தால் பொய்யை நிறுத்துங்கள். நேரடி மேஜையில் இப்படிப்பட்டவர் நிறையப் பேர். இவர்களுக்கு எதிராக 42-இல் 21 என்ற கணக்கு பொருந்தாது. கிங்-குயினோடு மூன்று தெருவும் வைத்து வாங்குவதுதான் சரியான பதில். பொய் சொல்லிப் பார்ப்பதில் ஒரு ரூபாயும் கிடைக்காது.

ரிவரில் 87.5 பாட்டுக்கு 56.5 ஆல்-இன். அது பொய்யாக நிற்க 39 சதவீதம் எறிய வேண்டும். நல்ல எதிராளிக்கு எதிராக ஐந்து நிஜக் கைக்கு இரண்டு பொய்க் கை என்ற அளவுக்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் அவர் கண்ணை மூடிக் கால் செய்தாலே லாபம்.

7. சி-பெட்டுக்கு ரெய்ஸ் வந்தால்

கிங்-7-2-இல் நீங்கள் 7.5 வைத்தீர்கள், அவர் 22-க்கு ரெய்ஸ். பாட்டில் 52, நீங்கள் சேர்க்க வேண்டியது 14.5. தேவைப்படுவது 22 சதவீத வெற்றி வாய்ப்பு. ஏஸ்-கிங், ஏஸ்-ஏஸ் எறியவே கூடாது. 4 மடங்குப் பாட் என்று இரண்டாவது கட்டத்தில் எண்ணியது இதற்காகத்தான். 10-10, ஜாக்-ஜாக் போன்றவை பொறுமைசாலியான நேரடி ஆட்டக்காரரிடம் எறியலாம். அவர் கையில் கிங் இருந்தால் உங்களுக்கு உதவ இரண்டே சீட்டு. ஏஸ்-5 போன்ற பொய்கள் எறிய வேண்டியவை. ‘ஏற்கனவே 18.5 போட்டாச்சே’ என்ற எண்ணம் வந்தால் அதைத் தள்ளுங்கள், அது பாட்டின் பணம்.

8. பழக ஆகும் செலவும் நேரமும்

ஒரு சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு, வீட்டில் இருக்கும் கேரம் காய், சோழி, புளியங்கொட்டை. கேரம் காய் 25 பிளைண்டு, சோழி 5, புளியங்கொட்டை அரை. ஆளுக்கு 2 காய், 8 சோழி, 20 கொட்டை என்றால் சரியாக 100. சிவப்புக் காய் பட்டன். பாக்கு, சோளம் எதுவானாலும் சரி, ஆனால் அரைப் பிளைண்டுக்கு ஒன்று இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 7.5 வைக்க முடியாமல் எல்லோரும் 10 வைக்கப் பழகிவிடுவார்கள்.

இரண்டு பேர் போதும். மூன்றாவது கட்டத்தில் எழுதிய இரண்டு ரேஞ்சையும் ஆளுக்கொரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 22.5 வையுங்கள். கைச்சீட்டு போடாமல் பிளாப் மட்டும் மூன்று சீட்டு போட்டு, த்ரீ-பெட் செய்தவர் ‘சின்னது’, ‘பெரியது’, ‘செக்’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் தன் தாளைப் பார்த்து இரண்டு ஜோடியும் அதற்கு மேலும் எத்தனை விதம், எறிய வேண்டியவை எத்தனை விதம் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு பிளாப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு வாரத்தில் ஒரு நிமிடத்துக்கு இறங்கிவிடும். அதன் பிறகுதான் கைச்சீட்டு போட்டு முழு ஆட்டமாக ஆட வேண்டும். பெரும்பாலோர் நேராக இந்தக் கடைசிக் கட்டத்துக்குத் தாவுகிறார்கள். பொறுமையாக எண்ணிய இரண்டு வாரத்தை எந்த மென்பொருளும் ஈடு செய்வதில்லை.

மென்பொருள் வேண்டுமென்றால் காசு கொடுக்கத் தேவையில்லை. இரண்டு ரேஞ்சை மோதவிட்டு வெற்றி வாய்ப்பைப் பார்க்க ஈக்விலாப் இலவசம். முழு விடை காண பிரவுசரிலேயே ஓடும் வாஸம் போஸ்ட்ஃபிளாப், கணினியில் நிறுவும் டெக்ஸாஸ்சால்வர் இரண்டும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். த்ரீ-பெட் பாட்டில் பின்னால் பணம் குறைவு என்பதால் கிளைகளும் குறைவு. தசமப் புள்ளி தொல்லை தராமல் இருக்க எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி, பாட் 225, ஸ்டாக் 890 என்று கொடுங்கள். பந்தய அளவாக பிளாப்பில் 33, 75 சதவீதம், டர்னில் 66, ரிவரில் 66-ம் ஆல்-இன்னும். இவ்வளவு போதும், ஆறு ஏழு அளவுகளைத் திணித்தால் ஓடி முடிய நேரம் ஆகும், படிக்கவும் வராது. பிழை அளவு பாட்டில் 0.5 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் ரேஞ்ச் தவறென்றால் விடையும் தவறு. ஊரில் உங்களோடு ஆடுபவர் ஏஸ்-கிங்கை மறுபடி ரெய்ஸ் செய்யாமல் கால் செய்பவர் என்றால், அவருடைய 88-ஓடு 16-ஐச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். கிங்-7-2-இல் அவருடைய டாப் பேர் அல்லது அதற்கு மேலான கைகள் 9-லிருந்து 21 ஆகிவிடும், ‘எல்லாக் கையோடும் சின்னதாக’ என்பது அங்கே தளரும்.

நோட்டில் ஒவ்வொரு த்ரீ-பெட் பாட்டுக்கும் ஒரு வரி: யார் எங்கே உட்கார்ந்திருந்தார், பாட், பின்னால் இருந்தது, பிளாப், வைத்த அளவு, எதிராளி செய்தது, காட்டியிருந்தால் அவர் சீட்டு. ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதை எழுத வேண்டாம். கோவா மேஜைகளில் கை நடக்கும்போது போனை எடுத்தால் தடுப்பார்கள். அங்கே கையை முடித்துவிட்டுச் சீட்டு கலக்கும் நேரத்தில் எழுதுங்கள். ஐம்பது வரி சேர்ந்ததும் ஒட்டிய பிளாப்புகளை மட்டும் தனியே எடுத்து, எத்தனை முறை செக் செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.